இருட்டினால் அந்தமான் கேட்கும்

2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட திங்கட்கிழமை. கரண்ட் பகலிலேயே போய்விட்டது, எங்கள் தெருவில் மட்டும் இல்லை, கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரு விளக்கு கிடையாது. ராத்திரி காற்று அடங்கியதும் மொட்டை மாடிக்கு ஏறினேன், கையில் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன டிஜிட்டல் ரேடியோ. செய்தி கேட்கத்தான் போனேன். மீடியம் வேவைப் போட்டதும் செட் ரிப்பேராகிவிட்டதோ என்று பயந்தேன், ஏனென்றால் வழக்கமாக அதில் இருக்கும் கரகர இரைச்சல் அடியோடு காணோம். ஒவ்வொரு படியாக நகர்த்திக்கொண்டே வந்து 684 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தினால் இந்தியில் ஒரு பெண் குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அத்தனை தெளிவு. நிலையத்தின் பெயர் சொல்லும் வரை காத்திருந்தேன். போர்ட் பிளேயர். நடுவில் 1,300 கிலோமீட்டருக்கு மேல் வங்காள விரிகுடா. சில நாள் முன்னால் அந்தமானை மழையில் முக்கிவிட்டு நம் பக்கம் வந்த புயல்தான் இது என்பது அப்போதுதான் உறைத்தது.

எதிர்வீட்டுப் பெரியவரும் மாடியில் நின்றிருந்தார். "என்ன தம்பி, எந்த ஸ்டேஷன்?" என்றார். "அந்தமான் சார்" என்றேன். "அந்தமானா? இங்க இருக்கற மெட்ராஸ் ஸ்டேஷனே எங்க வீட்டுல கரகரன்னுதான் வரும், அது எப்பிடிப்பா இவ்ளோ தூரத்துலேர்ந்து வருது?"

அன்றைக்கு அவருக்கு ஏதோ அரைகுறையாகச் சொன்னேன். முழுசாகச் சொல்ல வேண்டிய பதில் அது. ஏனென்றால் அந்தக் கேள்விக்குள்ளேயே இந்தப் பொழுதுபோக்கு மொத்தமும் இருக்கிறது.

தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதற்கு டிஎக்ஸிங் என்று பெயர். தந்தி அடித்த காலத்தில் 'தூரம்' என்பதற்கு வைத்திருந்த சுருக்கெழுத்துதான் டிஎக்ஸ். இதற்கு லைசென்ஸ் எதுவும் வேண்டாம். ஒலிபரப்பைக் கேட்க மட்டும்தான் செய்கிறோம். திருப்பிப் பேச வேண்டுமென்றால் பரீட்சை எழுதி ஹாம் உரிமம் வாங்க வேண்டும், அது வேறு கதை.

சரி, எப்படி வருகிறது? மீடியம் வேவ் ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து அலை இரண்டு வழியாகக் கிளம்புகிறது. ஒன்று தரையை ஒட்டிப் போகும், இன்னொன்று வானத்தைப் பார்த்துப் போகும். பகலில் நமக்குக் கிடைப்பது தரையை ஒட்டி வருவதுதான். மேலே போவது வீணாகிவிடும், காரணம் சூரியன். தரைக்கு மேலே சுமார் 60-லிருந்து 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் காற்றின் அணுக்கள் அயனிகளாக உடைந்து ஒரு அடுக்கு உருவாகிறது, அதை டி அடுக்கு என்கிறார்கள். அங்கே காற்று இன்னும் ஓரளவு அடர்த்தியாக இருப்பதால், அலை ஆட்டிவிடும் எலக்ட்ரான்கள் பக்கத்து அணுக்களில் மோதி மோதி அலையின் சக்தியையெல்லாம் சூடாகக் கரைத்துவிடும். மீடியம் வேவ் அலை அங்கேயே செத்துப்போகும். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு மளமளவென்று கலைந்துவிடுகிறது. ஆனால் அதற்கும் மேலே, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அடுக்குகள் ராத்திரியும் மிச்சமிருக்கும். அங்கே காற்று மெலிசு, மோதல் குறைவு. அதனால் அலையை விழுங்காமல் வளைத்துக் கீழே அனுப்பிவிடும். காலையில் நூறு கிலோமீட்டர் தாண்டத் திணறிய நிலையம் ராத்திரி ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இறங்குவது இப்படித்தான்.

இதை ஊகித்தவர்கள் 1902-லேயே இருந்தார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி சிக்னல் வாங்கியதாகச் சொல்லியிருந்தார், நேர்கோட்டில் போகிற அலை உருண்டையான பூமியைச் சுற்றி எப்படிப் போனது என்று எல்லாரும் குழம்பினார்கள். மேலே ஏதோ ஒரு கண்ணாடி மாதிரி இருந்தாக வேண்டும் என்று அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே சொன்னார்கள். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்று பிபிசியின் ஒலிபரப்பை வைத்தே சோதித்து நிரூபித்தவர் ஆப்பிள்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, 1924 டிசம்பரில். அதே 1924-ல் ஜூலை 31 அன்றுதான் நம் ஊரில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது, சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியில். கையில் காசு இல்லாமல் 1927-ல் அது நின்றுபோக, பிறகு சென்னை மாநகராட்சி எடுத்து நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938 ஜூன் 16 அன்று. வானத்தில் அந்தக் கண்ணாடி இருக்கிறதென்று உலகம் உறுதி செய்துகொண்ட அதே வருஷத்தில் சென்னையில் வானொலி பிறந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இனி சென்னைக்கு மட்டும் உரிய விஷயத்துக்கு வருகிறேன். நமக்குக் கிழக்கே முழுக்கக் கடல். உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதில் சாதாரண மண்ணைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மேல். அதனால் கடல்மேல் வரும் அலைக்குச் சேதாரம் மிகக் குறைவு. வானத்திலிருந்து வளைந்து இறங்கும் அலைக்கும் கரையோரத்தில் கேட்பவனுக்குக் கூடுதல் பலம் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும். நாக்பூர் சென்னையிலிருந்து சுமார் 900 கிலோமீட்டர், அங்கே 1566 கிலோஹெர்ட்ஸில் ஆயிரம் கிலோவாட் கோபுரம் வைத்தார்கள், நாடு முழுக்கக் கேட்க வேண்டும் என்றே. போர்ட் பிளேயர் அதைவிடத் தூரம், பலம் பத்தில் ஒரு பங்கு, நூறு கிலோவாட்தான். ஆனாலும் பெசன்ட் நகர் மணலில் உட்கார்ந்து கேட்டால் போர்ட் பிளேயர் அப்படியொன்றும் சளைத்துப்போகாது. நம்பாதவர்கள் ஒரே ரேடியோவைக் கடற்கரையில் ஒரு ராத்திரியும் அம்பத்தூர் பக்கம் ஒரு ராத்திரியும் வைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தெற்கு முனையை ஒட்டிப் போகிறது. ராக்கெட் விட்டு மேல் வளிமண்டலத்தை ஆராய 1963-ல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் வானம் மற்ற இடங்களைப் போல நடந்துகொள்வதில்லை. மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும், சூரியன் மறைந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில், மேலடுக்கில் அயனிகள் மெலிந்த இடங்கள் குமிழி குமிழியாகக் கிளம்பும். அப்போது சிற்றலையில், அதாவது ஷார்ட் வேவில், வரும் குரல் படபடவென்று துடிக்கும், மின்விசிறிக்கு முன்னால் நின்று பேசுவது போல. ரொம்ப நாள் என் செட்டில்தான் கோளாறு என்று நினைத்து ஆன்டெனாவை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஐரோப்பாவில் எழுதிய கையேடுகளில் இதைப் பற்றி அதிகம் இருக்காது, அங்கே அவர்கள் வானத்தில் இது நடப்பதில்லை.

அப்புறம் அந்தக் கரகர. பெரியவர் வீட்டில் மெட்ராஸ் ஸ்டேஷனே சரியாக வராததற்குக் காரணம் வானமும் இல்லை, நிலையமும் இல்லை. எல்இடி பல்ப், செல்போன் சார்ஜர், இன்வர்ட்டர், லிஃப்ட், டிவி பெட்டி, எல்லாவற்றிலும் கரண்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி ஒட்டும் ஒரு சர்க்யூட் இருக்கிறது. வெட்டுகிற ஒவ்வொரு தடவையும் அது ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். மீடியம் வேவ் முழுக்க அதன் சத்தம் பரவும். ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் இப்படி எத்தனை நூறு சர்க்யூட் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வர்தா ராத்திரியில் அத்தனையும் ஒரே நேரத்தில் அணைந்துபோயின. புதிதாக வந்த அலை எதுவும் இல்லை, தினமும் நம் தலைக்கு மேலேயே இறங்கிக்கொண்டிருந்ததுதான் அன்றைக்குக் காதில் விழுந்தது. ஊரே கஷ்டப்பட்ட அந்த ராத்திரியைக் கொண்டாட எனக்கு மனசு வராது. ஆனால் நகரத்தில் ரேடியோ 'செத்துப்போச்சு' என்று யாராவது சொன்னால், கொன்றது எது என்று எனக்குத் தெரியும்.

இதைச் சமாளிக்கப் பெரிய செலவு தேவையில்லை. மீடியம் வேவ் ரேடியோவுக்குள் ஒரு கரிய ஃபெரைட் கம்பி, அதன்மேல் செப்புச் சுருள், அதுதான் ஆன்டெனா. மேலே இழுத்து விடும் கம்பி மீடியம் வேவுக்கு எதுவும் செய்யாது, எவ்வளவு பேர் அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்! ஃபெரைட் கம்பியின் நுனி எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையிலிருந்து வருவது அடங்கிப்போகும், பக்கவாட்டிலிருந்து வருவது பலமாகும். அதனால் ரேடியோவை மேசைமேல் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். சத்தம் போடும் இன்வர்ட்டரை நோக்கி நுனியைத் திருப்பினால் அது அமுங்கி, பின்னால் ஒளிந்திருந்த நிலையம் மேலே வரும். ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதினாலும் இதே வித்தைதான்.

இன்னும் வேண்டுமென்றால் லூப் செய்துகொள்ளலாம். 60 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு மரச்சட்டம், அதில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒயரைப் பத்துப் பன்னிரண்டு சுற்று, இரண்டு முனைகளையும் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டன்சரில், அதாவது நிலையம் மாற்றத் திருகும் பாகத்தில், சேர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான். ரேடியோவோடு எந்த ஒயரும் இணைக்க வேண்டாம், பக்கத்தில் வைத்துக் கண்டன்சரைத் திருப்பினால் ஒரு இடத்தில் நிலையம் குபீரென்று எழும்பும். என் கண்டன்சர் ரிச்சி தெருவில் ஒரு கடையின் மூலையில், தூசி படிந்த டப்பாவுக்குள் கிடைத்தது. இப்போது அது கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டே வருகிறது, கண்ணில் பட்டால் இரண்டாக வாங்கிவிடுங்கள். ரேடியோவுக்கு டெக்ஸன் போன்ற சீனத் தயாரிப்புகளே போதும். ஒரு கிலோஹெர்ட்ஸ் துல்லியமாக எண் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள், அது முக்கியம்.

ஏன் முக்கியம்? ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா மூன்றிலும் மீடியம் வேவ் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் இருக்க வேண்டும் என்று 1975-ல் ஜெனீவாவில் ஒப்பந்தம் போட்டு, 1978 நவம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லா எண்ணும் 9-ஆல் வகுபடும். சென்னை 720, திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197, மதுரை 1269. இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 9 அல்லது 18 அல்லது 27. கூட்டி 9-ஆல் வகுபடாத இடத்தில் ஒரு நிலையம் கேட்டால், அது பெரும்பாலும் உங்கள் செட்டுக்குள்ளேயே உருவான போலி. அமெரிக்கக் கண்டத்தில் மட்டும் இடைவெளி 10. பள்ளிக்கூடத்தில் படித்த வகுத்தல் விதி ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் உதவும் என்று யார் நினைத்தார்கள்.

ஆனால் எண் மட்டும் சாட்சி ஆகாது. ஒரே எண்ணில் பல நாடுகள் இருக்கும். 'பிடித்தேன்' என்று சொல்ல வேண்டுமானால் நிலையமே தன் பெயரைச் சொல்வதைக் காதால் கேட்டிருக்க வேண்டும், அல்லது வேறு எதனாலும் வர முடியாத ஓர் அடையாளம் வேண்டும். இந்தக் கறார்தான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ரொம்பப் பிடித்தது. முன்பெல்லாம் நிலையங்களே அதற்கு வசதி செய்து கொடுத்தன. நிகழ்ச்சி தொடங்கும் முன் ஒரு அடையாள இசையைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள், கேட்பவன் அதை வைத்து முள்ளைச் சரியாக நிறுத்திக்கொள்வான். விடியற்காலையில் தம்புராவின் மேல் வயலின் எழும் ஆகாசவாணியின் அந்த இசையும் அப்படிப்பட்டதுதான். வால்டர் காஃப்மன் என்ற ஐரோப்பியர் 1936-ல் அமைத்தது, ராகம் சிவரஞ்சனி. ரேடியோ ஆஸ்திரேலியாவுக்குக் கூக்கபரா பறவையின் சிரிப்பு. மணி அடிக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலிருந்து செட்டை விட்டு நகரக் கூடாது, பெயர் சொல்வது பெரும்பாலும் அப்போதுதான். சரியாக அந்த நேரம் பார்த்து சிக்னல் மங்கும், மறுநாள் மறுபடி உட்கார வேண்டும்.

பெயர் கேட்டாயிற்றா, பிறகு கடிதம். தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சியின் விவரம், தரம், எல்லாம் எழுதி அனுப்பினால் நிலையம் சரிபார்த்து ஒரு அட்டை அனுப்பும், கியூஎஸ்எல் அட்டை. நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும், நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு கேட்டால் தேதியும் ஒரு நாள் பின்னால் போகும், இதில் தவறாதவர்கள் யாரும் இல்லை. தரத்துக்கு சின்போ என்று ஐந்து இலக்கம், சிக்னல் பலம், குறுக்கீடு, இரைச்சல், மங்கல், மொத்தத்தில் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 5 நல்லது. நிலையத்தைச் சந்தோஷப்படுத்த எல்லாவற்றுக்கும் 5 போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தங்கள் அலை சென்னையில் எப்படி இறங்குகிறது என்று அங்கே இருக்கும் இன்ஜினியருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அது.

தமிழர்களுக்கு இதெல்லாம் புதுசு என்று நினைக்க வேண்டாம். டிஎக்ஸிங் என்ற பெயர் தெரியாமலே ஒரு தலைமுறை இதைச் செய்திருக்கிறது. 1952-ல் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு நின்றுபோனபோது, ஜனங்கள் முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காகக் கொழும்புக்குப் பக்கத்து ஏக்கலவில் வைத்த 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி போர் முடிந்ததும் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது, அதன் பலம் அப்படி. கொழும்பு சென்னையிலிருந்து சுமார் 680 கிலோமீட்டர், சிற்றலைக்கு ஒரே தாவல். டெல்லி 1957-ல் விவித பாரதியைத் தொடங்கிய பிறகும் இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் வேகத்துக்கும் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்புக்கும் இங்கே இருந்த மவுசு குறையவில்லை. வீட்டு வாசலில் ஒயர் கட்டி, செட்டை ஜன்னலோரம் வைத்து, சிக்னல் மங்கினால் தலையில் ஒரு தட்டு தட்டிக் கேட்ட அந்தத் தாத்தா பாட்டிகள் எல்லாரும் டிஎக்ஸர்கள்தான்.

உலகமும் நம்மைத் தேடித் தமிழில் பேசியது. லண்டனிலிருந்து தமிழோசை 1941-ல் தொடங்கியது, பீஜிங்கிலிருந்து தமிழ் 1963-ல், மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலி. ஊர் ஊராக நேயர் மன்றம் வைத்து, அஞ்சலட்டை அஞ்சலட்டையாக எழுதித் தள்ளினார்கள். இப்போது அந்தப் பட்டியல் மெலிந்துகொண்டே போகிறது. ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரியில் சிற்றலையை நிறுத்தியது. அதே வருஷம் ஏப்ரல் 30 அன்று தமிழோசை வானொலியில் கடைசி முறையாக ஒலித்தது. 2018-ல் வெரித்தாஸும் சிற்றலையை விட்டது. 4920 கிலோஹெர்ட்ஸில் நம் சென்னை நிலையமே சிற்றலையில் இருந்தது, அதுவும் போயிற்று. இணையத்தில் கேட்டுக்கொள்ளலாமே என்பார்கள். கேட்கலாம். ஆனால் இணையத்தில் எல்லா நிலையமும் ஒரே தூரம். வெள்ளத்தில் டவர் விழுந்தால் எதுவும் இல்லை. ஒரு கோபுரமும் ஒரு பேட்டரி செட்டும் இருந்தால் போதும் என்ற வசதியை நாம் இவ்வளவு சீக்கிரம் கைகழுவியது சரியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பண்பலை பற்றி ஒரு வார்த்தை. அது நேர்கோட்டில் போகிற அலை, வானத்து அடுக்கு அதைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பாது. ஆனால் கோடையில் கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேலே தரையிலிருந்து போன சூடான காற்றும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டால், நடுவில் குழாய் மாதிரி ஒரு பாதை திறக்கும். பண்பலை அதற்குள் நுழைந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். ராமேஸ்வரம், வேதாரண்யம் பக்கம் இலங்கைப் பண்பலை தினசரி விஷயம், சென்னையில் அதற்கு அதிர்ஷ்டமும் விடியற்காலை எழும் பழக்கமும் வேண்டும். உள்ளூர் நிலையங்களுக்கு நடுவே காலியாக இருக்கும் எண்களில் தேடுங்கள்.

தொடங்க நல்ல மாதம் டிசம்பர், ஜனவரி. இடியின் இரைச்சல் குறைவு, ராத்திரியும் நீளம். மாலை ஐந்து மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும், காரணம் இருட்டு கிழக்கிலிருந்து வருகிறது. அந்தமானில் நமக்குச் சுமார் ஐம்பது நிமிடம் முன்னாலேயே சூரியன் மறையும், பாங்காக் பக்கம் இன்னும் அரைமணி முன்னால். அந்த வரிசையில்தான் நிலையங்களும் எழும்பும், நம் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே கிழக்கு மெல்ல முனகத் தொடங்கும். விடியற்காலையில் இதே கதை தலைகீழ். நமக்கு வெளுத்த பிறகும் மேற்கே இருட்டு, அதனால் அரபு மொழி நிலையங்கள் கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போகும்.

என் நோட்டில் போன ஜனவரியிலிருந்து ஒரு வரி அடையாளம் இல்லாமலே கிடக்கிறது. மாலை 5:38, ஆண் குரல், ஏற்ற இறக்கம் நிறைந்த ஒரு மொழி, பர்மியமாக இருக்கலாம், பின்னால் மணி போல ஏதோ வாத்தியம். ஆறு மணிக்குப் பெயர் சொல்வார்கள் என்று காத்திருந்தேன், 5:58-க்கு யாரோ கீழே தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். அந்த எண்ணுக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.